முந்நூறு கிலோ வெங்காயமும் விடுமுறை விவேகக் குழுவும்

என் பணத்தை என் நன்மைக்காகவே பத்திரமாக வைத்திருப்பதாக யாராவது சொன்னால், நான் முதலில் பார்ப்பது அந்த அறையின் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான். இது எங்கள் குடும்பப் பழக்கம். என் அப்பா லெபனானிலிருந்து வந்து லாக் லா பீஷ் என்கிற இந்தக் குளிர் ஊரில் காய்கறி மொத்தக் கடை போட்டவர். எதிராளி விலை சொன்னதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிடுவார். விலை பாதிக்கு இறங்கிய பிறகுதான் அவருக்கு மூச்சு வரும். அப்படி வளர்ந்த எனக்கு ஓரெஸ்ட் பாபியாக் போன்ற ஆட்களைப் பார்த்தால் கவலையாக இருக்கும். ஓரெஸ்ட், விலைச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே கொடுத்துவிட்டு நன்றியும் சொல்கிறவன்.

பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்ப்பது அவன் வேலை. ஏழு வருடங்களாகச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, உதய ஏரி கூட்டுறவு சேமிப்புச் சங்கத்தின் 'விடுமுறைக் கனவுக் கணக்கில்' போட்டு வந்தான். சாதாரணக் கணக்கைவிட இதில் கால் சதவீதம் வட்டி அதிகம். அந்தக் கால் சதவீதத்துக்குப் பின்னால் ஒரு சின்ன விதி ஒளிந்திருந்தது: பணத்தை விடுமுறைப் பயணத்துக்கு மட்டுமே எடுக்கலாம், அதுவும் பயணத்தின் வரவுசெலவுத் திட்டம் விவேகமானது என்று சங்கத்தின் விடுமுறை விவேகக் குழு ஒப்புக்கொண்டால்தான்.

ஊரில் யாருக்கும் இது உறுத்தவில்லை. ஏனென்றால் பிப்ரவரி வந்தால் ஊரே மெக்சிகோ போகும். அதே ஓட்டல், அதே நீச்சல் குளம், பக்கத்து நாற்காலியில் இங்கே பக்கத்து வீட்டில் இருக்கும் அதே ஆள். அந்தப் பயணத்துக்கான வரவுசெலவுத் திட்டத்தைச் சங்கமே அச்சடித்து அடுக்கி வைத்திருந்தது. கையெழுத்துப் போட்டால் மதியத்துக்குள் பணம் கைக்கு வந்துவிடும்.

ஓரெஸ்டுக்குப் பிடித்த சனி, அவன் வடக்கே போக ஆசைப்பட்டான்.

அவன் மனைவி நோயெல்லா மார்ட்டன் லேக்கில் பிறந்தவள். தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து இன்னும் வடக்கே, குளிர்காலத்தில் மட்டும் உறைந்த ஏரிகள்மேலும் சதுப்புகள்மேலும் போடுகிற பனிப்பாதையில் போனால்தான் அந்த ஊர் வரும். மார்ச் நடுவில் பாதை தண்ணீராகிவிடும். அப்புறம் குட்டி விமானம்தான்; இரண்டு பேர் போய்வருகிற காசில் ஓடுகிற நிலையிலுள்ள பழைய கார் ஒன்று வாங்கலாம். அந்த ஊரில் நோயெல்லாவின் தங்கை பெர்னிஸுக்குக் கல்யாணம், மார்ச் இரண்டாவது சனிக்கிழமை. மணப்பெண்ணுக்கு வயது ஐம்பத்தாறு, முதல் கல்யாணம். மாப்பிள்ளை அல்போன்ஸ், அந்த ஊர் விமான ஓடுதளத்தில் பனி தள்ளுகிறவர்.

பெர்னிஸ் தொலைபேசியில் சொன்னதை நோயெல்லா என் கடையில் நின்றுகொண்டு அப்படியே பேசிக் காட்டினாள்.

"அக்கா, நீ வந்து என் கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போகணும். நீ வராம நான் வாசப்படி தாண்ட மாட்டேன். அல்போன்ஸ் காத்துக் கெடக்கட்டும். இத்தன வருஷம் நான் காத்துக் கெடக்கலயா? வரும்போது வெங்காயம் கொண்டா."

பனிப்பாதையில் யாரும் வெறும் வண்டியோடு வடக்கே போவதில்லை. அங்கே கடையில் ஒரு வெங்காயத்தின் விலைக்கு இங்கே ஒரு வாரத்துக்குக் குழம்பு வைக்கலாம். அதனால் போகிறவன் வண்டி நிறையக் காய்கறி, பழம், பால் கொண்டுபோவான். திரும்பும்போது அந்த வீட்டார் மூஸ் மான் கறியும் புகை போட்ட வெள்ளை மீனும் ஏற்றி அனுப்புவார்கள். யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, ஆனால் எல்லோருக்கும் கணக்கு தெரியும். கல்யாணம் என்றால் பெண் வீட்டுச் சீரே வெங்காயம்தான். விருந்துக்குப் போக மிச்சம் வீடு வீடாகப் பிரியும். பெர்னிஸ் கேட்டது முந்நூறு கிலோ.

ஓரெஸ்ட் ஒழுங்காக உட்கார்ந்து திட்டம் எழுதினான். பெட்ரோல், வழியில் ஒரு இரவு தங்கல், மாப்பிள்ளைக்குக் கையுறை, ஆரஞ்சு பத்துப் பெட்டி, வெங்காயம் முந்நூறு கிலோ. கணக்கில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. எவ்வளவு சிக்கனம் என்று பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்து, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனான்.

சங்கத்தின் விடுமுறை ஆலோசகர் மார்ஜரி ப்ரூவிட் அம்மாளின் அறையில் சுவரில் தென்னை மரப் படம், மேசைமேல் பிளாஸ்டிக் தென்னை மரம். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.

"எங்க போறீங்க, மிஸ்டர் பாபியாக்?"

"வடக்கே."

"என் லிஸ்ட்ல வடக்கு இல்லையே. கான்கூன் இருக்கு, மசட்லான் இருக்கு."

"மார்ட்டன் லேக்."

"பீச் உண்டா?"

"ஏரி உண்டுங்க. ஆனா இப்ப அது ரோடு."

ப்ரூவிட் அம்மாள் பேனாவை மூடி வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மார்ச் மாசத்துல மனுஷங்க எதுக்கு வடக்கே போவாங்க?"

"கல்யாணத்துக்கு."

"கல்யாணம் விடுமுறை ஆகுமா?"

"லீவு போட்டுத்தானே போறேன்."

"அது சரி. ஆனா சந்தோஷத்துக்குப் போறீங்களா, கடமைக்குப் போறீங்களா? அத நான் எழுதணும்."

ஓரெஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தான். கல்யாணமான எந்த ஆணும் மனைவிக்கு எதிரில் பதில் சொல்லக் கூடாத கேள்வி அது. அவன் உண்மையான ஆள் என்பதால் பதில் சொன்னான்.

"ரெண்டும்தான்."

"அப்படீன்னா பாதி கடமை. கனவுக் கணக்குலேர்ந்து கடமைக்குப் பணம் குடுக்க விதி இல்ல."

"நூறு பங்கும் சந்தோஷம்னு எழுதுங்கம்மா," என்றாள் நோயெல்லா. "அவர் மூஞ்சியே அப்படி. உள்ளுக்குள்ள துள்ளிக்கிட்டுதான் இருக்காரு."

ப்ரூவிட் அம்மாள் ஓரெஸ்டின் முகத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்துவிட்டு, 'துள்ளல் வெளியில் தெரியவில்லை' என்று ஓரத்தில் எழுதிக்கொண்டார். பிறகு சன்ஸ்கிரீன் எங்கே என்று கேட்டார். திட்டத்தில் மூன்று குப்பி சன்ஸ்கிரீன் கட்டாயம்; அது இல்லாத திட்டத்தை இயந்திரமே ஏற்காது. ஓரெஸ்ட் சன்ஸ்கிரீன் எழுதிச் சேர்த்தான். நீச்சலுடை எழுதிச் சேர்த்தான். கடற்கரைக் குடை வாடகை என்ற இடத்தில் 'பனி மண்வெட்டி, சொந்தம்' என்று எழுதினான். அதற்கு விளக்கக் கடிதம் கேட்டார்கள்.

இதுவரைக்கும் வெறும் மடத்தனம்தான். மடத்தனத்தோடு வியாபாரம் பண்ணலாம். விஷயம் கெட்டது, வெங்காயத்தில் கண் பட்ட பிறகு.

இரண்டு நாளில் என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள், வெங்காயம் விற்பவன் என்ற முறையில். விடுமுறை விவேகக் குழு நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. தலைவர் லெஸ்டர் ஓக்டன். முன்பு வீட்டுமனை விற்றவர். ஒருமுறை சதுப்பு நிலம் ஒன்றை ஏரிக்கரை மனை என்று என் தலையில் கட்டப் பார்த்தவர். நான் அங்கே நடந்து காட்டச் சொன்னதில் அவருடைய ஒரு காலணி இன்னும் அதற்குள்தான் கிடக்கிறது. கதவு எனக்கு இடப்பக்கம் இருந்தது. பார்த்து வைத்துக்கொண்டேன்.

"ஆளு ரெண்டு," என்றார் ஓக்டன். "நாள் அஞ்சு. வெங்காயம் முந்நூறு கிலோ. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு முப்பது கிலோ. ஃபாரிஸ், நீங்க வியாபாரி. சொல்லுங்க. ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு முப்பது கிலோ வெங்காயம் தின்பானா?"

"அது அவன் யாரோட பேசணும், யாரோட பேசக் கூடாதுங்கறதப் பொறுத்தது," என்றேன்.

"இது விளையாட்டு இல்ல. வெங்காயத்துக்கு அடியில என்ன போகுது?"

"வெங்காயம்."

"அதுக்கும் அடியில?"

"மூட்டை."

ஓக்டன் ப்ரூவிட் அம்மாளைப் பார்த்தார். இரண்டு பேரும், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவர்கள்போலத் தலையசைத்துக்கொண்டார்கள். மூட்டைக்கு அடியில் என்ன என்று நான் சொல்லாததுதான் அவர்களுக்குப் பெரிய சாட்சியம்.

அதன் பிறகு ஓக்டன் எழுந்து நின்று பேசினார். அதை ஒரு எழுத்து மாற்றாமல் இங்கே தருகிறேன், என்னால் இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

"மிஸ்டர் பாபியாக், இங்க யாரும் உங்களச் சந்தேகப்படல. சந்தேகப்படறது எங்க வேலையே இல்ல. நம்பாம இருக்கறதுதான் எங்க வேலை. இந்தச் சங்கம் உறுப்பினருங்களோட சொத்து. அத உறுப்பினருங்க கிட்டேர்ந்து காப்பாத்தறதுக்குத்தான் நாங்க இருக்கோம். இன்னிக்கு நீங்க வடக்கே போவீங்க. நாளைக்கு இன்னொருத்தர் கிழக்கே போகணும்பாரு. அப்புறம் ஒருத்தர் எங்கயும் போகல, வீட்லயே இருந்து ஓய்வெடுக்கறேன், பணத்தக் குடுங்கம்பாரு. அப்போ சங்கம் எதுக்கு?"

அந்தக் கேள்விக்குப் பதில் ஓரெஸ்டுக்குத் தெரிந்திருக்கலாம், அவன் மரியாதைக்காரன்.

"சார், பொண்ணு காத்துக்கிட்டு இருக்கு," என்றான். "பாதை உருகிடும்."

"பொண்ணுக்கு என்ன வயசு?"

"ஐம்பத்தாறு."

ஓக்டன் மறுபடி ப்ரூவிட் அம்மாளைப் பார்த்தார். "ஐம்பத்தாறு வயசுல கல்யாணம். முந்நூறு கிலோ வெங்காயம். மைனஸ் முப்பது. இத நீங்க விடுமுறைங்கறீங்க."

"கல்யாணத்த மெக்சிகோவுல வெச்சுக்கச் சொல்லிப் பாத்தீங்களா?" என்று ப்ரூவிட் அம்மாள் கேட்டார். "குரூப் ரேட் உண்டு. வெங்காயமும் அவங்களே போட்டுருவாங்க."

நோயெல்லா அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அங்க மாப்பிள்ள தள்ளறதுக்குப் பனி இருக்குமா?" என்றாள்.

குழு தனியாகக் கூடியது. நாங்கள் வெளியே தென்னை மரப் படங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கூப்பிட்டபோது தீர்மானம் தட்டச்சாகியிருந்தது. வடக்குப் பகுதி விலைகள் பற்றிச் சங்கத்திடம் எந்தத் தகவலும் இல்லாததால், திட்டத்தை ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆகவே தலைவரும் ஆலோசகரும் மார்ட்டன் லேக்குக்கு நேரில் சென்று, தங்குமிடம், உணவு, கேளிக்கை ஆகியவற்றை உறுப்பினரின் நிலையிலிருந்து அனுபவித்து ஆய்வு செய்வார்கள். தனி விமானம். ஆய்வு யாருக்காக நடக்கிறதோ, செலவு அவர் கணக்கில்.

ஓரெஸ்ட் அதை இரண்டு முறை படித்தான்.

"என் காசுல நீங்க போறீங்களா?"

"உங்க காசு வீணாகறத எங்களால பாத்துட்டு இருக்க முடியாது," என்றார் ஓக்டன். "அதனால அது அங்க வீணாகுமான்னு நாங்களே அந்தக் காசுல போய்ப் பாத்துட்டு வரோம்."

"எப்போ?"

"இதே கல்யாணத் தேதிக்குத்தான். அப்பதானே சூழ்நிலை சரியா இருக்கும்."

"அப்போ நாங்க?"

"நீங்க வீட்ல இருங்க. அறிக்கை ஏப்ரல்ல வந்துரும்."

ஏப்ரலில் அந்தப் பாதையில் வாத்து நீந்தும்.

நோயெல்லா நேராக என் கிடங்குக்கு வந்தாள். அழவில்லை. வெங்காய மூட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரலாமா என்று எனக்குத் தோன்றியது.

"ஃபாரிஸ், இது அழுகிருக்கு."

"அழுகல. கொஞ்சம் சோகமா இருக்கு."

"கடனுக்குக் குடுக்கறதாவது நல்ல மூட்டையாப் பாத்துக் குடு."

"கடன்னு யார் சொன்னது?"

"இப்ப நான்தானே சொன்னேன், காதுல விழல?"

விலை பேசினோம். அவள் பேசிய விதத்தைப் பார்த்து, இவளை விட்டுவிட்டு ஓரெஸ்டை ஏன் சங்கத்தில் பேச வைத்தார்கள் என்று வருத்தப்பட்டேன். கடைசியில் வெங்காயம் கடன், ஆரஞ்சு கடன், பெட்ரோலும் என் கணக்கில். பதிலுக்குத் திரும்பி வரும் மீனில் பாதி எனக்கு. மீன் கண்ணில் படும்வரை அது எனக்கு வெறும் சொல். கடன் கொடுத்த சரக்கைக் கண் பார்வையிலிருந்து விடக் கூடாது என்பதால் நானும் கூடப் போவதாக முடிவு செய்தேன்.

"எங்க மேல நம்பிக்கை இல்லியா?" என்றான் ஓரெஸ்ட்.

"உங்க மேல இருக்கு. வெங்காயத்து மேலதான் இல்ல."

உறைந்துபோன வெங்காயம் உருகினால் கூழ். அதனால் டிரக்கின் பின்பெட்டியில் பழைய மெத்தைகளும் போர்வைகளும் போட்டு ஆரஞ்சையும் பாதி வெங்காயத்தையும் படுக்க வைத்தோம். மீதி வெங்காயம் உள்ளே, பின்னிருக்கையில், என்னோடு. முதல் நாள் முழுக்க என் மடியில் ஒரு மூட்டை இருந்தது. இரண்டாம் நாள் அது என்னோடு பேச ஆரம்பித்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

பனிப்பாதையில் ஏரி வரும் இடங்களில் ஒரு பலகை இருக்கும்: மெதுவாக, மணிக்குப் பதினைந்து. அந்த வழியில் போகிற எல்லோரும் அதை ஒரு நல்லெண்ணமாக எடுத்துக்கொண்டு இருபத்தைந்தில் போவார்கள். ஓரெஸ்ட் பதினைந்தில் போனான். பதினாறு ஆனால் காலை எடுத்தான். எங்களைத் தாண்டிப் போன எண்ணெய் லாரிக்காரன் ஒருவன், நாங்கள் பழுதாகி நிற்கிறோம் என்று நினைத்து இறங்கி வந்து உதவட்டுமா என்று கேட்டான்.

"ஓரெஸ்ட்," என்றாள் நோயெல்லா, "என் தங்கச்சிக்கு ஐம்பத்தேழு ஆகறதுக்குள்ள போயிருவோமா?"

"பலகைல போட்டிருக்கு, நோயெல்லா."

"சங்கத்துலயும்தான் போட்டிருந்தாங்க."

அடுத்த ஏரியில் முள் பதினெட்டில் நின்றதை நான் மூட்டைக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அவன் வாழ்க்கையில் அது ஒரு புரட்சி.

மார்ட்டன் லேக் சமூகக் கூடத்தின் முன்னால் நாங்கள் நின்றபோது கல்யாண நேரம் தாண்டி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வாசல் படிக்கு வெளியே, கல்யாண உடைக்கு மேல் மாப்பிள்ளையின் பெரிய தோல்கோட்டைப் போட்டுக்கொண்டு பெர்னிஸ் நின்றிருந்தாள். சொன்னபடி வாசப்படி தாண்டவில்லை. கையில் சிகரெட்.

"வந்துட்டியாக்கா?" என்றாள். "உள்ள எவனோ ரெண்டு பேர் ஒக்காந்துக்கிட்டு, நீ வர மாட்டே, உன் திட்டம் பாஸாகலன்னு சொல்றாங்க. யாருக்கா அவங்க? அல்போன்ஸ் ஒன் பக்கத்துச் சொந்தம்னு நெனச்சு மொத வரிசைல ஒக்கார வெச்சுட்டாரு."

உள்ளே போனோம். முதல் வரிசையில், மணப்பெண்ணின் குடும்பத்துக்கான நாற்காலிகளில், லெஸ்டர் ஓக்டனும் ப்ரூவிட் அம்மாளும். மடியில் தட்டு. தட்டில் மூஸ் கறி, பானக் என்கிற தட்டை ரொட்டி. கல்யாணத்துக்கு முன்னால் சாப்பாடு போட மாட்டார்கள். ஆய்வு என்று சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய விமானி பிடில் வாசிக்கிறவரிடம் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தான்.

ஓக்டன் எங்களைப் பார்த்ததும் முகத்தில் வந்தது குற்ற உணர்ச்சி என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு இந்த மாதிரி ஆட்களோடு பழக்கம் இல்லை என்று அர்த்தம்.

"மிஸ்டர் பாபியாக்! அனுமதி இல்லாத விடுமுறையில இருக்கீங்க!"

"என் நாற்காலி," என்றாள் நோயெல்லா.

"அம்மா, நாங்க உங்க நிலையிலேர்ந்துதான் அனுபவிச்சுக்கிட்டு இருக்கோம். நீங்களும் ஒக்காந்தீங்கன்னா ஆய்வு கெட்டுடும்."

நோயெல்லா அந்தத் தட்டை அவர் மடியிலிருந்து எடுத்து ஓரெஸ்டின் கையில் கொடுத்தாள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத ஓரெஸ்ட் நின்றுகொண்டே தின்ன ஆரம்பித்தான். அவள் வாசலுக்குத் திரும்பிப் போய்த் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் நடந்து வந்தபோது கூடமே எழுந்து நின்றது. ஓக்டனும் எழுந்தார். உட்காரும்போது அவருக்கு நாற்காலி இல்லை. அதில் ஒரு வெங்காய மூட்டை இருந்தது. யார் வைத்தது என்று எனக்குத் தெரியாது. என் மடி மட்டும் காலியாக இருந்தது.

கல்யாணம் தாமதமானதால் ஓக்டனின் விமானம் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்ப முடியவில்லை. காலையில் பார்த்தால் முழங்கால் அளவு பனி. ஓக்டன் ஓடுதளத்துக்குப் போய், பனி தள்ளுகிறவர் எங்கே என்று கேட்டார்.

"அவருக்கு நேத்துத்தான் கல்யாணம் ஆச்சு," என்றார்கள்.

"அது தெரியும். நான் மொத வரிசையில இருந்தேன். இப்ப எங்க?"

"நீங்க கல்யாணம் பண்ணி மறுநாள் எங்க சார் இருந்தீங்க?"

அல்போன்ஸ் கதவைத் திறக்கவில்லை. ஐம்பத்தாறு வருடம் காத்திருந்தவளுக்காக ஒரு வாரம் லீவு சொல்லியிருந்தார். வேறு யாருக்கும் அந்த இயந்திரத்தை ஓட்டத் தெரியும் என்று ஊரில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. விமானிக்கு அவசரமே இல்லை. இரண்டாவது பாட்டு கற்க ஆரம்பித்துவிட்டான். அன்றே வானொலியில் செய்தி வந்தது: வெப்பம் ஏறுகிறது, நாளை மதியத்தோடு பனிப்பாதை மூடப்படும்.

மறுநாள் காலை எங்கள் டிரக்கில் மீனும் கறியும் ஏறிக்கொண்டிருந்தபோது ஓக்டன் வந்தார். பின்னால் ப்ரூவிட் அம்மாள், நகரத்துக் காலணியோடு.

"ஓரெஸ்ட், தம்பி," என்றார். 'மிஸ்டர் பாபியாக்' ஏரிக்குள் மூழ்கிவிட்டிருந்தார். "எங்களையும் ஏத்திக்கப்பா."

நான் குறுக்கே புகுந்து பேரம் பேசலாமா என்று பார்த்தேன். நோயெல்லா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். ஓரெஸ்ட் கோட்டுப் பைக்குள் கைவிட்டுச் சங்கத்தின் அச்சடித்த படிவத்தை எடுத்தான். அவனுக்குத் திருப்பி அனுப்பியது. கிண்டல் செய்வதற்காக எடுத்தான் என்று இன்றுவரை நான் நம்பவில்லை. பயணம் என்றால் இதையெல்லாம் கேட்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தான்.

"எங்க போறீங்க?"

"எங்கயா? ஊருக்குப்பா!"

"அது இதுல இல்லியே, சார். கான்கூன் இருக்கு." விரலை ஓட்டிக் கீழே போனான். "சந்தோஷத்துக்குப் போறீங்களா, கடமைக்குப் போறீங்களா?"

"நாளைக்கு எனக்குக் கூட்டம் இருக்கு!"

"அப்போ கடமை. பாதி தூரம்தான் கொண்டுபோக முடியும்."

"சந்தோஷம்! சந்தோஷம்னு எழுது!" என்று ப்ரூவிட் அம்மாள் கத்தினார்.

ஓரெஸ்ட் அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "துள்ளல் தெரியலியேம்மா," என்றான்.

நான் ஐம்பது வருடம் பேரம் பார்த்தவன். என் அப்பா உருளைக்கிழங்கு மூட்டையிலிருந்து எழுந்து வந்து கைகொடுத்திருப்பார். பனித்துகள் விழுந்துகொண்டிருந்த அந்த இடத்திலேயே, மீன் பெட்டியின் மூடியை மேசையாக வைத்து, விடுமுறை விவேகக் குழு அவசரக் கூட்டம் கூடியது. பாபியாக்கின் திட்டம் விவேகமானது என்று ஒருமனதாக ஏற்றது. ஆய்வுச் செலவைச் சங்கமே தாங்கும் என்றது. கணக்கை மூடி முழுப் பணத்தையும் வட்டியோடு கொடுக்க உத்தரவிட்டது. ஓக்டன் கையெழுத்துப் போட்டார். குளிரில் பேனா எழுதாததால் நோயெல்லா தன் உதட்டுச்சாயத்தைக் கொடுத்தாள்.

"சன்ஸ்கிரீன்?" என்றான் ஓரெஸ்ட்.

நம்பினால் நம்புங்கள், ப்ரூவிட் அம்மாளின் கைப்பையில் மூன்று குப்பி இருந்தது.

திரும்பும் வழியில் அவர்கள் இருவரும் பின்னிருக்கையில் புகை மீனுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தார்கள். நான் முன்னால். ஏரிகளில் ஓரெஸ்ட் மணிக்குப் பதினைந்தில்தான் போனான். யாரும் குறை சொல்லவில்லை.

பணம் வந்தது. ஓரெஸ்ட் என் கடனை, நான் சொன்ன விலைக்கே, நன்றி சொல்லித் தீர்த்தான். நோயெல்லா ரசீதை வாங்கிக்கொண்டு பதினோரு டாலர் திரும்பக் கேட்டு வாங்கிப் போனாள்.

சங்கமும் அந்த அனுபவத்திலிருந்து பாடம் கற்றது. ஆய்வறிக்கை ஏப்ரலில் வெளியானது. உள்ளே கல்யாணப் புகைப்படம், அதில் ஓக்டன் நடுவில். அதன் பரிந்துரைப்படி விடுமுறைப் படிவம் திருத்தப்பட்டது. இப்போது எந்தத் திசைக்குப் போனாலும், ஒவ்வொரு உறுப்பினரும் தன் பயணத் திட்டத்தில் முந்நூறு கிலோ வெங்காயம் காட்ட வேண்டும். ரசீது கட்டாயம். அது இல்லாத திட்டத்தை இயந்திரமே ஏற்காது.

ஆகவே இந்தப் பிப்ரவரியில் மெக்சிகோ போகும் லாக் லா பீஷ் மக்கள் அத்தனை பேரும் என் கடைக்கு வந்தார்கள். நான் வெங்காயம் விற்று ரசீது கொடுத்தேன். மறுநாள் காலை அவர்களிடமிருந்தே அதைப் பாதி விலைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வெங்காயத்தோடு கான்கூன் போய் என்ன செய்வார்கள்? அந்த மூட்டைகள் குளிர்காலம் முழுக்க என் கிடங்கை விட்டு ஓர் அடி நகரவில்லை. அவற்றில் ஒன்று என் மடியில் வடக்கே போய் வந்ததோ என்று அவ்வப்போது எனக்குத் தோன்றும்.

எனக்கு இந்த ஏற்பாட்டில் எந்தப் புகாரும் இல்லை. சங்கம் நல்ல சங்கம். போன வாரம் ஓக்டன் பெட்டியில் கேக்கோடு வந்து, வெங்காய வியாபாரத்தில் வரும் லாபத்தை வெளியே வைத்திருப்பது விவேகமில்லை, என் நன்மைக்காக அதைச் சங்கமே பத்திரமாக வைத்துக்கொள்ளும் என்றார். கேக்கை வாங்கிக்கொண்டேன். பிறகு எழுந்து போய், என் கடைக் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குக் காட்டினேன்.